மெக்கானிக் வஞ்சிரம் அக்கா

தாம்பரம் வட்டாரத்தில் ஃபிரிட்ஜ் மெக்கானிக்குகள் ஆயிரம் பேர் இருக்கலாம். பழுதான ஃபிரிட்ஜைத் தட்டிக்கொடுத்து, "உடம்புக்கு இன்னா பண்ணுது?" என்று விசாரித்துவிட்டு வேலையை ஆரம்பித்தவர் உலகத்திலேயே ஒருவர்தான்.

சேலையூர் கேம்ப் ரோட்டில் இருக்கும் என் சர்வீஸ் கடையில், தொழில் கற்றுக்கொள்ள ஆள் தேவை என்று எழுதி ஒட்டியிருந்தேன். ஐடிஐ முடித்த யாராவது வருவார்கள் என்று பார்த்தால், சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டு, காலிக் கூடையோடு ஒருவர் வந்து நின்றார். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்து எங்கள் காலனிகளில் மீன் விற்பவர். வயது நாற்பத்தேழு. சொந்தப் பேர் எதுவோ, எல்லோருக்கும் வஞ்சிரம் அக்கா.

"சின்ன வயசு ஆளாத்தான் தேடுறேன்க்கா."

"ஆள் வேணும்னுதான எழுதிகீது. நான் ஆள் இல்லியா?"

குப்பத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு பெரிய ஃபிரீசர் வைத்திருந்தார்கள். அது நின்றால் மெக்கானிக் வர மூன்று நாள் ஆகும். அதற்குள் மீன் நாறிவிடும். "நானே கத்துக்கினா யாரையும் கெஞ்ச வாணாம் தம்பி" என்றார். மறுக்கத் தெரியாமல் சேர்த்துக்கொண்டேன்.

தினமும் விற்று முடித்துப் பதினோரு மணிக்கு வருவார். ஸ்பானர் நம்பர்கள் அவருக்கு ஒத்துவரவில்லை. சின்னது நெத்திலி, நடுத்தரம் சங்கரா, பெரியது வஞ்சிரம் என்று பேர் வைத்துவிட்டார். ஒரு மாதத்தில் நானே ஒரு டாக்டர் வீட்டில், "அந்த நெத்திலியை எடுங்க" என்று கேட்க, அந்த வீட்டு அம்மா, "நாங்க சைவம்ங்க" என்றார்.

காப்பர் குழாயை கேஸ் டார்ச் நெருப்பில் ஒட்டுவதுதான் அக்காவுக்குக் கைவரவில்லை. ஒட்டிய இடமெல்லாம் ஓட்டை. ஆனாலும் விடவில்லை. ஏழு மாதம் ஒட்டினார்.

ஒரு நாள் குப்பத்து ஃபிரீசர் நின்றுவிட்டது. கேஸ் கசிவு. அக்கா டார்ச்சையும் சிலிண்டரையும் ஆட்டோவில் ஏற்றினார்.

"நானும் வரேன்க்கா."

"வாணாம். நீ வந்தா உன் கையைத்தான் பாத்துகினு நிப்பேன்."

சாயங்காலம் வரை எனக்கு வேலையே ஓடவில்லை. ஐந்து மணிக்கு ஃபோன் வந்தது. அக்காதான். கம்ப்ரஸர் ஓடும் சத்தமும், பின்னால் பெண்கள் சிரிப்பதும் கேட்டன. "கேட்டுச்சா தம்பி?" என்றார். "கேட்டுச்சுக்கா" என்றேன்.

அடுத்த வாரம் டார்ச்சைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், பக்கத்துக் குப்பங்களிலிருந்தும் கூப்பிடுகிறார்கள், இனிமேல் வர முடியாது என்றார். "ரொம்ப சந்தோஷம்க்கா" என்றேன். சந்தோஷம்தான். மீன் விற்பதையும் விட்டுவிட்டதால் இந்தப் பக்கம் வருவதே இல்லை.

இப்போது கடையில் ஐடிஐ முடித்த இருவர் இருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள். மத்தியானம் மட்டும் கொஞ்சம் அமைதியாக இருக்கிறது.

கோவளம் பக்கத்திலிருந்து யாராவது கூப்பிட்டால், "அங்கேயே நல்ல மெக்கானிக் இருக்காங்க" என்று அக்காவின் நம்பரைக் கொடுத்துவிடுவேன். கொடுத்து, ஃபோனை வைத்த பிறகுதான், பேசாமல் நானே கிளம்பிப் போயிருக்கலாமே, அப்படியே அக்காவை ஒரு நடை பார்த்துவிட்டு வந்திருக்கலாமே என்று தோன்றும்.