எண்பதில் ஆடிய ஸ்டியரிங்

கோயமுத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் அதிர்வியல் பாடம் நடத்துகிறேன். எந்த இயந்திரம் எப்போது ஆடும், ஏன் ஆடும் என்று பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஆனால் சொந்த மாமனாரின் பிக்கப் வண்டி ஆடியபோது காரணம் எனக்கு எட்டவேயில்லை. இதை என் மாணவர்கள் யாரும் படிக்காமல் இருக்க வேண்டும்.

மாமனாருக்குக் கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு. தேங்காய் ஏற்றிக்கொண்டு உடுமலைக்குப் போய்வரத்தான் அந்த பிக்கப். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் போன் செய்தார்.

“மாப்ளெ, அறுபது வரைக்கும் வண்டி தங்கமாட்டம் போகுதுங்க. எண்பதத் தொட்டா ஸ்டேரிங் கையில நிக்க மாட்டீங்குது. பாய்கிட்டக் காட்டிப்போட்டு வரலாம்னு பாக்கறனுங்க.”

பாய் என்றால் உக்கடத்தில் பட்டறை வைத்திருக்கும் சலீம் பாய். முப்பது வருஷமாக மாமனாரின் எல்லா வண்டிகளுக்கும் அவர்தான் வைத்தியர். பூஜைக்கு ஒரு வாரம் முன்புதான் நான்கு டயரையும் மாற்றி, சக்கரங்களுக்கு பேலன்சும் பார்த்துக் கொடுத்திருந்தார். எனக்கு இந்த ஒரு தகவல் போதாதா?

“டயர் மாத்துனதுக்கப்புறம் ஆடுதுன்னா வேற என்னங்க மாமா? பாய் பேலன்ஸ் பண்ணியே இருக்க மாட்டாருங்க” என்றேன்.

“பாய் அப்பிடிச் செய்யறவரு இல்லீங்க. ஆனா நீங்க படிச்சவங்க, சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்று போனை வைத்துவிட்டார்.

டயர் எப்படி இருக்கிறது என்று கேட்க அன்று மாலையே பாய் கூப்பிட்டிருக்கிறார். மாமனார் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. முப்பது வருஷத்தில் இதுதான் முதல் முறை. (எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். பெருமையாக இருந்தது.)

சனிக்கிழமை என் ஆராய்ச்சி தொடங்கியது. பொள்ளாச்சி ரோட்டில் நான் ஓட்ட, ஜன்னலோரம் மாமனார், நடுவில் நோட்டுப் புத்தகத்தோடு அத்தை. நான் வேகத்தைச் சொல்லச் சொல்ல, அத்தை பார்த்ததை எழுத வேண்டும். எழுதினார்: ‘அறுபது – ஒண்ணுமில்லை. எழுபது – லேசாக. எண்பது – வளையல் சத்தம். எண்பத்தைந்து – மாப்பிள்ளைக்கு வேர்க்கிறது.’

வேறொரு கடையில் சக்கரக் கோணம் சரிபார்த்தேன். ஆடியது. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனைகளை மாற்றினேன். இன்னும் தெம்பாக ஆடியது. ரிம்மே வளைந்திருக்கும் என்று நான் அடுத்த காரணத்தை எடுத்ததும் அத்தைக்குப் பொறுமை போய்விட்டது.

“ஏனுங் மாப்ளெ, பாய் மேல தப்புன்னா மூஞ்சிக்கு நேராக் கேட்டுப்போடலாமுங்க. இப்பிடிப் பேசாம இருக்கறது நல்லாவா இருக்குது?”

மூன்று பேரும் உக்கடம் போனோம். பாய் டீ வாங்கித் தந்தார். போனை ஏன் எடுக்கவில்லை என்று கேட்கவில்லை. என் விளக்கம் முழுவதையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, மாமனாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஏனுங்க, பூஜைக்கு முன்னால ஆடுச்சுங்களா?”

“இல்லீங்களே. டயரு மாத்துனப்பறம் ரெண்டு நடை உடுமல போய் வந்தனே, ஆடவேயில்லீங்க.”

நான்கு நாள் ஆராய்ச்சியில் எனக்குக் கேட்கத் தோன்றாத கேள்வி அது. பாய் ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைத் தூக்கினார். ரிம்மின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினார். அடுத்த சக்கரத்தையும் தடவினார்.

“பேலன்சுக்கு நான் அடிச்ச ஈய வெயிட்டு ஒண்ணையும் காணமுங்களே. வண்டியக் கழுவுனது யாருங்க?”

பூஜையன்று காலை சக்கரங்களைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தது நான். சந்தனப் பொட்டு வரிசையாக வைக்க விடாமல் விளிம்பில் முட்டிக்கொண்டிருந்த சாம்பல் நிறத் துண்டுகளை, ஏதோ வேண்டாத அழுக்கு என்று ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எறிந்ததும் நான். நான்கு சக்கரத்திலும்! விளிம்பில் ஒரு சின்ன எடை குறைந்தால்கூட வேகத்தில் சக்கரம் உதறும் என்று வருஷாவருஷம் கரும்பலகையில் படம் வரைகிறவனும் நானேதான்.

“நாந்தானுங்க பாய் கழுவுனேன்” என்றார் மாமனார், என்னைப் பார்க்காமல்.

சும்மா இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். “அவரில்லீங்க பாய், நானுங்க. உங்களையும் தப்பாச் சொல்லிப்போட்டனுங்க” என்றேன்.

பாய் என் தோளைத் தட்டினார். “உடுங்க மாப்ளெ, சாமிக்குச் செஞ்சதுதானுங்களே.” பிறகு மாமனார் பக்கம் திரும்பினார். “அதுக்காக நீங்க போனெடுக்காம இருப்பீங்களா? இத்தன நாளா எனக்குச் சோறு எறங்கலீங்க.”

மாமனார் பாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அரை மணி நேரத்தில் புது எடைகள் ஏறின. திரும்பும்போது தொண்ணூறிலும் ஸ்டியரிங் அசையவில்லை.

அதற்குப் பிறகு ஆயுத பூஜைக்கு வண்டிப் பக்கம் எனக்கு அனுமதியில்லை. “மாப்ளெ, நீங்க மிக்சிக்குப் பொட்டு வெச்சாப் போதுமுங்க” என்று மரியாதையாகக் கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். போன வருஷம் பூஜைக்கு மறுநாள் அந்த மிக்சி சட்னி அரைக்கையில் லேசாக ஆடியது. என்னவென்று பார்க்கலாம் என நான் எழுந்து போவதற்குள், அத்தை சலீம் பாய்க்குப் போன் போட்டுவிட்டார்.