நிச்சயதார்த்தத்தில் குதித்த கிராணி

பட்டியல் போட்டு வேலை செய்கிறவர்கள் தப்பு செய்யமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பட்டியல் போடுகிறவர்களுக்கு மட்டும்தான் அது உண்டு. எல்லாரையும் போல நாங்களும் தப்பு செய்வோம். என்ன, வரிசை எண் போட்டுச் செய்வோம்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மின்னியல் படித்துவிட்டு ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிக்கும் வேலை பார்த்தேன். (பிறர் தப்பைக் கண்டுபிடிக்க எனக்குச் சம்பளம்.) சனிக்கிழமையானால் ஆயர் தாவார் பக்கம் எங்கள் தோட்டத்துக்குப் பஸ் ஏறிவிடுவேன். ரப்பரையெல்லாம் வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டுவிட்டார்கள். வீடு மட்டும் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய அதே லயத்து வீடு. கழுத்தில் எப்போதும் ஒரு பழைய கேமரா தொங்கும்.

அக்கா கமலாவுக்குத் தைப்பிங்கில் மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயதார்த்தத்துக்குப் படம் எடுக்க அப்பா ஆள் பார்க்கக் கிளம்பினார்.

"ஸ்டூடியோக்காரர் எதுக்குப்பா? நான் இருக்கேன்லா" என்றேன்.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது ஒரு வேலையைத் தைரியமாக ஏற்றுக்கொண்டால், மற்றவர்கள் "நான் இருக்கேன்லா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோவார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா அதிகம் பேசாதவர். எங்கள் பாயசத்தைக் குடித்துவிட்டு "பரவால்ல" என்று மட்டும் சொன்னவர். அவருடைய மூத்த மகன் லண்டனில் இருந்ததால் நிச்சயத்துக்கு வரமுடியவில்லை. "படத்த அவனுக்கு அனுப்பணும். நாள் குறிக்க வரும்போது வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு நான்கு வாரம் இருந்தது.

நான் எடுத்தது இருபது படம். சுருளில் பதினாறு மீதி. எங்கள் பக்கம் பாதிச் சுருளைக் கழுவக் கொடுப்பது பாதிச் சாப்பாட்டில் எழுந்து போவது மாதிரி, யாரும் செய்யமாட்டார்கள். மூன்றாவது வாரம் மாரியம்மன் திருவிழா. மீதியை அங்கே எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

அதற்குள் ஈப்போவில் ஒரு புகைப்பட மன்றம் போட்டி வைத்தது. ஓடுகிற, பறக்கிற, குதிக்கிற உயிர்களைப் படம் பிடிக்க வேண்டும். படத்தோடு முழு பிலிமையும் கொடுக்க வேண்டும். அக்காவின் நிச்சயதார்த்தத்தை மன்றத்தாரிடம் கொடுக்கமுடியாது. ஆகவே பழைய சுருளைக் கழற்றி வைத்துவிட்டுப் புதுச் சுருள் போட முடிவெடுத்தேன்.

சுருளைப் பின்னால் சுற்றும்போது முழுக்க உள்ளே போகவிடக் கூடாது. காதை வைத்துக் கேட்டு, 'டிக்' என்றதும் நிறுத்தினால் பிலிமின் நுனி நாக்கு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிறகு மறுபடியும் மாட்டலாம். இந்த வித்தை தெரிந்தவர் தோட்டத்தில் நான் ஒருத்திதான். தெரியாத யாராவது செய்திருந்தால் நாக்கு உள்ளே போயிருக்கும், எல்லாரும் தப்பித்திருப்போம். ஏனென்றால் புதுச் சுருளும் நாக்கை நீட்டிக்கொண்டுதான் இருக்கும்.

இரண்டும் ஒரே கடையில் வாங்கிய ஒரே வகை. பெயர் எழுதி ஒட்டினேனா என்றால், இல்லை. அதுதான் பட்டியல் இருக்கிறதே: 'எண் 4. சாமி மேடை. இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது.' (வீட்டிலேயே குளிர்ச்சியான இடம், யாரும் கை வைக்காத இடம் என்று தேர்ந்தெடுத்தேன்.) வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா அந்த மேடையைத் துடைப்பார் என்பது பட்டியலில் இல்லை. அடுத்த சனிக்கிழமை வந்து பார்த்தபோது இரண்டு சுருளும் குங்குமப் பொட்டோடு பளிச்சென்று அமர்ந்திருந்தன. நன்றாகத்தான் இருந்தது. வலப்பக்கத்துச் சுருளை எடுத்துக் கேமராவில் மாட்டினேன்.

படத்துக்குரியவர் எங்கள் வீட்டுக் கிடா. பெயர் கிராணி. தோட்டத்துக் கணக்கரைக் கிராணி என்போம்; இதுவும் அவரைப் போலவே காலையில் ஒவ்வொரு வீட்டு வாசலாக நின்று உள்ளே எட்டிப்பார்க்கும். தாயில்லாத குட்டியாக வந்ததை அம்மா புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார். தினமும் மாலை ஐந்தேகாலுக்கு அது பெரிய சாக்கடையை ஒரே தாவில் தாண்டி, எதிர் லயத்துச் செம்பருத்தியைத் தின்னப் போகும். கணக்கெல்லாம் போட்டுவைத்தேன்: ஷட்டர் விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு, தூரம் எட்டு அடி, வெயில் இடப்பக்கம்.

ஐந்து மணிக்கே காய்ந்த சாக்கடையில் மல்லாந்து படுத்தேன். ஐந்தேகாலுக்குக் கிராணி வந்து விளிம்பில் நின்று என்னைப் பார்த்தது. ஐந்தரை வரை பார்த்தது. உட்கார்ந்து அசைபோட்டது.

"என்னாடி, உளுந்துட்டியா?" என்று அம்மா வந்தார்.

"படம் எடுக்கறேம்மா. அது குதிக்கமாட்டேங்குது."

"நீ அதோட வழியில படுத்திருக்க. அது எப்படிக் குதிக்கும்?" என்றவர், அந்தப் பக்கம் போய் அரிசி டின்னைத் தட்டினார்.

அது குதித்தது. திரும்பக் குதித்தது. அம்மா தட்டத் தட்ட, நான் அமுக்க அமுக்க, முப்பத்தாறும் தீர்ந்தது. கடைசித் தாவலில் பின்னங்கால் என் வயிற்றில் இறங்கியது. வெற்றி என்றே எண்ணினேன்.

புதன்கிழமை ஈப்போ ஸ்டூடியோவுக்குப் போனேன். கடைக்காரச் சீனர் படங்களை என் முன்னால் பரப்பிவிட்டு, மிக மரியாதையாக மலாயில் கேட்டார்: "அடிக், இனி காம்பிங் பெர்துனாங் கா?" இந்த ஆட்டுக்கு நிச்சயதார்த்தமா, தங்கச்சி என்று.

அம்மா துடைத்து வைத்ததில் சுருள்கள் இடம் மாறியிருந்தன. இருபது படத்திலும் இரண்டு காட்சி ஒன்றின்மேல் ஒன்று. மாப்பிள்ளையின் அம்மா தாம்பாளம் நீட்டுகிறார். அவர் கொண்டையிலிருந்து கிராணி பாய்கிறது. மாப்பிள்ளை வெட்கப்படுகிறார், காதுக்கு மேலே கொம்பு. அக்காவும் மாப்பிள்ளையும் நிற்கும் படத்தில், நடுவே நாலு காலையும் மடக்கிக்கொண்டு ஆசீர்வாதம் செய்வதுபோல் மிதக்கிறது. மீதிப் பதினாறில் கிராணி மட்டும், அதுவும் பின்புறம். போட்டிக்கு நான் எதையும் அனுப்பவில்லை.

சனிக்கிழமை அக்காவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"அவரு நல்லாத்தான் இருக்காரு. கொம்புதான் கொஞ்சம் பெருசு" என்றவர், சட்டென்று குரல் இறங்கி, "இதப் பாத்துட்டு அந்தம்மா வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா? எனக்கு அவரப் புடிச்சிருக்குடி" என்றார்.

அதற்கு முன் அக்கா அதை யாரிடமும் சொன்னதில்லை. அன்று நான் எழுதிய பட்டியலில் ஏழு சமாதானங்கள் இருந்தன. ஏழிலும் குற்றவாளி கேமராதான்.

சொன்ன நாளில் தைப்பிங்கிலிருந்து மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வந்தார்கள். அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருபதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். வாசலில் கிராணி வழக்கம்போல் எட்டிப்பார்த்தது.

"இந்த ஆடு யாரோடது?"

"எங்களுதுதான் சம்மந்தி" என்றார் எங்கள் அம்மா.

"கெடாவா?"

"ஆமா."

அவர் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பையனுக்கு நல்ல எடமா அமையணும், ஒரு கெடா குடுக்கறேன்னு முனியாண்டிக்கு நேந்திருந்தேன். அமைஞ்சதும் மறந்துட்டேன். அவரே அனுப்பிட்டாரு பாருங்க. இருவது தடவ."

"இல்லத்த, அது வந்து பிலிம் மாறி..." என்று ஆரம்பித்தேன். அக்கா என் தொடையில் கிள்ளிய தழும்பு ஒரு வாரம் இருந்தது.

"இதே கெடாவக் குடுத்துரலாம்" என்றார் அவர்.

 எங்கள் அம்மா எழுந்து போய்க் கிராணியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏழு சமாதானங்களில் ஒன்றுகூட ஆட்டைக் காப்பாற்றுகிற மாதிரி இல்லை. இந்தச் சம்பந்தமோ அம்மாவின் செல்லக் கிடாவோ, இரண்டில் ஒன்று என்னால் போகப்போகிறது என்றே நினைத்தேன்.

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை பேசினார். "ம்மா, குடுத்தாச்சுன்னா அப்புறம் அது அவரு ஆடு. வெட்டுனா அவரு ஆட்டத்தான நாம வெட்டுறோம்? குடுத்துட்டு விட்டுருவோம்லா. இங்கேயே இருக்கட்டும்."

அந்த அம்மா மகனைப் பார்த்தார், எங்கள் அம்மாவைப் பார்த்தார். பிறகு, "பரவால்ல" என்றார். அதைவிட இனிமையான சொல்லை நான் கேட்டதில்லை.

அடுத்த வாரம் கிராணிக்கு மஞ்சள் துணியும் மணியும் கட்டி முனியாண்டி கோயிலில் விட்டோம். எங்களுக்கு முன்னால் அது வீடு வந்து சேர்ந்தது. சாமி ஆட்டை யாரும் அடிக்க முடியாது என்பதால் இரண்டு லயத்திலும் செம்பருத்தி இல்லாமல் போனது. அக்கா கல்யாணத்துக்கு வாசலில் கட்டிய வாழைமரத்தில் பாதியை முகூர்த்தத்துக்கு முன்பே தின்றுவிட்டது. 

படங்களைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையின் அண்ணனும் லண்டனிலிருந்து கடிதம் போட்டார். "பெண்ணைப் பிடித்திருக்கிறது. அந்த ஆடு எந்தப் பக்கத்துச் சொந்தம்?"

இப்போதும் குடும்பமாக நிறுத்தி நான் கேமராவைத் தூக்கினால், அத்தான் அந்த லண்டன் கேள்வியைத்தான் கேட்பார். ஆகவே எங்கள் வீட்டுப் படங்களில் எல்லாரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்போம். அம்மா மட்டும் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார், கிராணியின் மணிச் சத்தம் கேட்கிறதா என்று.