மூன்று பள்ளிக்கூடமும் ஒரு பச்சை நோட்டும்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் மார்க் போடுவேன். கல்யாண வீட்டுப் பிரியாணிக்குப் போடுவேன், பஸ் கண்டக்டருக்குப் போடுவேன். பெண் பார்க்கப் போன அன்று மாமனார் வீட்டுத் திரைச்சீலைக்கே போட்டவன் நான் (பத்துக்கு அஞ்சு. என் மனைவி சபுராவுக்கு இது இன்னும் தெரியாது).

துபாயில் ஒன்பது வருஷம் அதுதான் என் பிழைப்பு. ஒரு சூப்பர் மார்க்கெட்டின் கிளை கிளையாகப் போய், பிஸ்கட் நேராக அடுக்கியிருக்கிறதா, கேஷியர் சிரிக்கிறாரா என்று டிக் அடித்து எழுதித் தர வேண்டும். அதை ஏதோ கலெக்டர் உத்தியோகம் என்று நினைத்துக்கொண்டு பட்டுக்கோட்டைப் பக்கத்து எங்கள் ஊருக்குத் திரும்பினேன். வந்த நேரம், மகள் நஸ்ரினை ஒண்ணாம் வகுப்பில் சேர்க்க வேண்டியிருந்தது.

"வாய்க்கால்கரைப் பள்ளிக்கூடத்துலயே போடுங்க, நடந்து போயிடலாம்" என்றாள் சபுரா.

அப்படியெல்லாம் சும்மா போட்டுவிட முடியுமா? எங்கள் ஒன்றியத்தில் நடந்து போகிற தூரத்தில் மூன்று அரசுத் தொடக்கப் பள்ளிகள். மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு என்று அறிவித்தேன். பச்சை அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கிக் கட்டம் போட்டேன். சபுரா தலையில் அடித்துக்கொண்டாள்.

முதலில் ரோட்டடிப் பள்ளி. அங்கே ஸ்மார்ட் போர்டு இருந்தது. பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே இல்லை. "புள்ளைங்க தொட்டா கீறல் விழுந்துடுமுங்க" என்றார் தலைமை ஆசிரியர். தொடாத போர்டுக்கு மயங்கி ஏழு மார்க் போட்டேன் பாருங்கள், என்னை என்ன சொல்வது! இரண்டாவது, கீழத்தெரு. சுவர் முழுக்க ரயில் பெட்டி வரைந்திருந்தார்கள். ரயிலுக்காக ஆறு.

கடைசியாகத்தான் வாய்க்கால்கரை. இரண்டு அறை, ஒரு வேப்பமரம், பதினோரு பிள்ளைகள். தலைமை ஆசிரியை வசந்தா டீச்சர் கையில் துடைப்பத்தோடு நின்றார். நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "உங்க பள்ளியோட பலம் என்னன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டேன். (ஆமாம், கேட்டேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.)

"பலம் என்னங்க பலம்? இந்த வருஷம் ஒண்ணாம் வகுப்புக்கு ஒரு புள்ளைகூட வரல. இப்படியே போனா பள்ளிக்கூடத்த மூடிட்டு, இதுங்கள ரோட்டடிக்கு அனுப்பிடுவாங்க. லாரி போற ரோட்டத் தாண்டணும், பொடிசுங்க" என்றார்.

நான் அதைக் காதிலேயே வாங்கவில்லை. சுற்றுச்சுவரை நோட்டமிட்டுக்கொண்டிருந்தேன். என்னோடு வந்திருந்த நஸ்ரின் இதற்குள் மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டைத் தட்டி மணியடித்துவிட்டாள். "இன்னொரு தடவ அடிக்கிறியாடி தங்கம்?" என்றார் டீச்சர். நான் மூன்று மார்க் போட்டேன்.

மூன்று இடத்திலும் கிளம்பும்போது, நம் ஊர் மரியாதைப்படி "வர்றேங்க" என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். வீட்டை விட்டுக் கிளம்புகிற எவனாவது "போறேன்" என்பானா? ஆனால் பிள்ளை கிடைக்காதா என்று வீடு வீடாக ஏறி இறங்குகிற மனிதர்களிடம் அதைச் சொல்லக்கூடாது என்று எனக்குத் தெரியவில்லை.

பள்ளி திறக்கிற அன்று காலை ரோட்டடி சார் மாலையோடு வாசலில் நின்றார். பின்னாலேயே கீழத்தெரு சார், பலூனோடு.

"எங்க பள்ளிக்கு வர்றேன்னு சொன்னாருங்க!"

"எங்ககிட்டயும்தான் சொன்னாரு! கும்பிட்டுச் சொன்னாரு!"

அக்கம்பக்கமெல்லாம் கூடிவிட்டது. நான் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முழித்தபோது வசந்தா டீச்சர் வந்தார். கையில் என் பச்சை நோட்டு!

"அன்னைக்கு மறந்து வச்சிட்டுப் போயிட்டீங்க" என்று நீட்டினார். நான் வாங்குவதற்குள் கீழத்தெரு சார் பறித்துப் புரட்டினார். "ஏங்க, பிரிக்காத போர்டுக்கு ஏழு, எங்க ரயிலுக்கு ஆறா?" ரோட்டடி சார் எட்டிப் பார்த்தார். "அதென்ன, பக்கம் பூரா செவப்பு மை?"

வாய்க்கால்கரைப் பக்கம் அது. 'கழிப்பரை'யில் ஒரு வட்டம். 'கரும்பளகை'யில் ஒரு வட்டம். 'வரவேர்ப்பு', 'தலமை ஆசிரியை', எல்லாவற்றிலும் வட்டம். அடியில் அழகான கையெழுத்தில்: 'பத்துக்கு நான்கு. பிழைகளைத் திருத்தி ஐந்து முறை எழுதி வரவும்.'

கீழத்தெரு சார் அதைச் சத்தமாக வாசித்தார். தெருவே சிரித்தது. எதிர் வீட்டு ஆடுகூடச் சிரித்த மாதிரி இருந்தது எனக்கு.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி" என்றார் டீச்சர், முகத்தில் சிரிப்பே இல்லாமல். "கையில செவப்புப் பேனா இருந்துச்சு. பழக்கதோஷம்."

நான் நோட்டைப் பிடுங்கிக் கைலி மடிப்பில் செருகினேன். நஸ்ரின் முன்னால் வந்தாள். "டீச்சர், இன்னைக்கும் நான் மணி அடிக்கலாமா?" பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் சட்டென்று முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது, அந்தப் பதினோரு பேரும் இனி லாரி ரோட்டைத் தாண்ட வேண்டாம் என்பது. அது என் நோட்டில் எந்தக் கட்டத்திலும் இல்லை.

ரோட்டடி சார் பெருந்தன்மையாக மாலையை நஸ்ரின் கழுத்தில் போட்டுவிட்டுப் போனார். அந்த வருஷம் ஒண்ணாம் வகுப்பில் அவள் ஒருத்திதான். முதல் ரேங்க்கும் அவளே, கடைசி ரேங்க்கும் அவளே.

இப்போது அவள் அஞ்சாவது. பள்ளிக்கூடம் இன்னும் இருக்கிறது. என் வியாதியும் இருக்கிறது. நேற்றுக்கூட மீன் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "புளி கொஞ்சம் தூக்கல், ஆறு போடலாம்" என்றேன்.

சபுரா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "நஸ்ரின், அத்தாவுக்கு நோட்டும் பேனாவும் எடுத்துட்டு வா. கழிப்பறைய அஞ்சு தடவ எழுதிட்டு வந்து சாப்பிடட்டும்."

"எந்த 'ர'ன்னு கேளும்மா முதல்ல" என்றாள் என் மகள்.