தீராத சிலிண்டர்

எங்க கம்பெனியில ஒருத்தர் வந்து எரிபொருள் சிக்கனத்தைப் பத்திப் பேசினாரு. இருக்கறதையெல்லாம் நாமளே எரிச்சுட்டா பேரப்பிள்ளைங்க எதை எரிக்கும்னு கேட்டாரு. எனக்கு ரத்தம் கொதிச்சுது. பொம்மனஹள்ளியில வீடு வந்து சேர்ற வரைக்கும் கொதிச்சுது.

"ரஞ்சிதம்! மாசம் ஒரு சிலிண்டரை முழுங்குற. இன்னைக்குப் புதுசு வாங்கி வச்சிருக்கேன். பாத்து எரி!"

"ரெண்டு மாசம் ஓட்டிட்டா?"

"ஓட்டிக் காட்டு! அப்புறம் இதே சிலிண்டர் தீர்ற வரைக்கும் நான் சமைக்கிறேன்."

"சத்தியமா?"

"தாஸ் சொன்னா சொன்னதுதான்!"

ரெண்டு மாசம் கழிச்சு அதுல என்ன மிஞ்சும்? ஒரு காபி போடலாம். நான் என்ன இளிச்சவாயனா?

ஒரு மாசம் ஆச்சு. சிலிண்டர் தீரலை. தட்டுல மீன் குழம்பு, கொத்சு, பொரியல்னு ஒண்ணும் குறையலை. அடுப்பைத் தொட்டுப் பாத்தேன். ஜில்லுனு இருந்துச்சு. காபி ஃபிளாஸ்க்குலேர்ந்து வந்துச்சு.

"ஏய், ஹோட்டல்ல வாங்கறியா?"

"ஹோட்டல் குழம்பு இப்படி இருக்குமா? நாக்கு செத்துப்போச்சா உங்களுக்கு?"

திருட்டுத்தனமா கரண்டு அடுப்பா? மீட்டரையே முறைச்சுப் பாத்தேன். அது பாட்டுக்கு மெதுவா ஓடுது. பக்கத்து வீட்டு ஹெலன் அக்காவைக் கேட்டேன்.

"எங்க வீட்டுல எப்பக்கா சமைக்கிறாங்க?"

"எனக்கு இன்னா தெரியும் தம்பி?" சொல்லிட்டு சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புல எனக்குத் தூக்கமே போச்சு.

ரெண்டு மாசம் முடிஞ்ச மறுநாள், தலைவலின்னு சொல்லிட்டு பாதி ஷிஃப்டுல ஓடி வந்தேன். எங்க வீடு பூட்டியிருந்துச்சு. ஹெலன் அக்கா வீட்டுல ஒரே கும்மாளம். எட்டிப் பாத்தா, எங்க காம்பவுண்டுல இருக்கற எட்டு வீட்டுப் பொம்பளைங்களும் அங்கதான்! கல்யாண வீட்டுக் குண்டான்ல குழம்பு கொதிக்குது. எதிர் வீட்டுப் பாஞ்சாலி கிண்டுறா. என் பொண்டாட்டி கத்திரிக்காய் நறுக்குறா.

"ரஞ்சிதம்! இது என்ன மோசடி?"

"எட்டு அடுப்பு எதுக்குங்க? ஒண்ணு போதும். ஒரு வீட்டு சிலிண்டர் தீர்ந்தா அடுத்த வீடு. மிச்சமாவுற நேரத்துல பாஞ்சாலி தையல் கிளாஸுக்குப் போறா. சீட்டுக் குலுக்கினோம், நம்ம வீடு கடைசி."

"அப்ப நம்ம சிலிண்டர்?"

"சீலே உடைக்கலை."

எனக்கு வேர்த்துப்போச்சு. "சரி, தோத்துட்டேன். வீட்டுக்கு வா. நம்ம அடுப்புலயே நம்ம ரெண்டு பேருக்கும் சமைக்கிறேன்."

"அது எப்படி? நம்ம முறை வர இன்னும் மூணு வீடு பாக்கி இருக்கே! நம்ம சிலிண்டர் தீர்ற வரைக்கும் சமைக்கிறேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

பாஞ்சாலி கரண்டியை என் கையில குடுத்தா. ரஞ்சிதம் புடவையை உதறிக்கிட்டு எழுந்தா.

"வாங்கடி போலாம். நம்ம எட்டு பேருக்கும் இன்னைலேர்ந்து லீவு."