ராசாவைக் கடித்தவன்

அரைகுறையாக ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பதில் பெரிய ஆபத்து இல்லை. ஊர் நம்மை நம்பத் தொடங்கும்போதுதான் ஆபத்து. அதைவிடப் பெரிய ஆபத்து, ஊரைப் பார்த்து நாமும் நம்மை நம்பத் தொடங்குவது. எனக்கு இரண்டும் ஒரே மாதத்தில் நடந்தன.

கண்டியைச் சுற்றியிருந்த மலையெல்லாம் கோப்பியாக இருந்த காலம் அது. நான் ஹமீது முதலாளியின் கடையில் வேலை பார்த்தேன். துணி, விளக்கு, பழைய நகை, பழங்காசு எல்லாம் விற்கும் கடை. ஒருநாள் மதியம் ஒருவர் விக்டோரியா ராணி தலை பொறித்த ஒரு தங்கப் பவுனை நீட்டினார். எனக்கோ நல்ல பசி. ஏதாவது குறை சொன்னால் சீக்கிரம் போய்விடுவார் என்று, "ராணியின் கூந்தல் தேய்ஞ்சிருக்கு, எடை குறையும்" என்றேன். முதலாளி தராசில் வைத்துப் பார்த்தார். எடை உண்மையிலேயே குறைந்தது!

அன்று முதல் நான் காசு பார்ப்பதில் நிபுணன். (சோறு ஆறிப்போனதுதான் மிச்சம்.)

உடனே ஒரு பூதக்கண்ணாடி வாங்கினேன். காசுகளைத் தரம் பிரிக்க நானே ஒரு முறையும் வகுத்தேன். காசில் இருக்கும் ராசாவின் மூக்கு முழுசாக இருந்தால் முதல் தரம். மூக்கு மழுங்கியிருந்தால் இரண்டாம் தரம். அது மூக்கா முழங்காலா என்று சந்தேகம் வந்தால் மூன்றாம் தரம். இதை நான் யாரிடமும் படிக்கவில்லை. ஆனால் பூதக்கண்ணாடியை ஒரு கண்ணில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னால் யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை.

என் புகழ் ஹுன்னஸ்கிரிய வரை போய்விட்டது. அங்கே ஒரு கோப்பித் தோட்டத்தில் சடையன் என்ற பெரிய கங்காணி இருந்தார். மகாவலி பெருக்கெடுத்த ஒரு மழைக்காலத்தில், ஆற்றில் சிக்கிய மாட்டு வண்டியொன்றை அவரும் அவருடைய ஆட்களும் கரையேற்றினார்கள். வண்டிக்காரர் குண்டசாலைப் பக்கத்துக் காணிக்காரர். நன்றிக்கு அவர் கொடுத்தது ஒரு பழைய சிங்கள ராசா காலத்துப் பொற்காசு. ஒரு பக்கம் ராசா நிற்பார், மறு பக்கம் உட்கார்ந்திருப்பார். (நின்று களைத்துவிட்டார் போலும்.)

கங்காணிக்குத் தோட்டத்தை விட்டு இறங்கி, கண்டியில் ஓர் அரிசிக் கடை போட வேண்டும் என்று ஆசை. அவருடைய தோட்டத்துத் துரைக்குப் பழங்காசு சேர்க்கும் பைத்தியம். பழங்காசில் தங்கத்தின் எடைக்கு ஒரு விலை என்றால், தேயாமல் கீறாமல் இருப்பதற்கு அதைவிடப் பல மடங்கு விலை. "தரம் பாக்கத் தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டு வா, சரின்னா வாங்குறேன்" என்று துரை சொல்லிவிட்டார். கங்காணி நேரே எங்கள் கடைக்கு வந்தார்.

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, போய்ப் பாத்துச் சொல்லிப்போட்டு வா. வாயை மட்டும் கொஞ்சம் அடக்கி வச்சுக்க" என்றார்.

அவர் சொன்னது நான் அதிகம் பேசுவதைப் பற்றி என்றுதான் அப்போது நினைத்தேன்.

இரவல் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு புறப்பட்டேன். கோட்டின் கை என் விரல் நுனியை மறைத்தது. மாட்டு வண்டியில் மலையேறித் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கங்காணியின் மகள் செல்லம்மா எங்களுக்காகக் காத்திருந்தாள். காசு அவளுடைய சேலைத் தலைப்பில் முடிந்திருந்தது. அவள் இல்லாமல் காசு எங்கேயும் போகாதாம்.

"இவருக்கா அப்பா காசு பாக்கத் தெரியும்?" என்று கேட்டாள்.

"கண்டியிலயே பெரிய ஆளு" என்றார் கங்காணி.

"கோட்டுதான் பெருசா இருக்கு" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. இவள் வாயடைத்துப் போகும்படி ஏதாவது செய்தே தீருவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். அழிவு அங்கேதான் தொடங்கியது.

பங்களா வராந்தாவில் துரை எனக்குக் கதிரை போடச் சொன்னார். கங்காணியும் மகளும் படியருகே நின்றார்கள். துரை பஞ்சு விரித்த ஒரு தட்டைக் கொண்டுவந்து தன் காசுகளைக் காட்டினார். ஒவ்வொன்றையும் விளிம்பில் மட்டும் இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார். காசின் முகத்தில் விரல் படவே விடவில்லை. பிறந்த குழந்தையைக்கூட அப்படி யாரும் தூக்கி நான் பார்த்ததில்லை.

செல்லம்மா முடிச்சை அவிழ்த்துக் காசைத் தந்தாள். நான் கோட்டுக் கையை மேலே தள்ளிவிட்டுப் பூதக்கண்ணாடியை வைத்தேன். உண்மையிலேயே அருமையான காசு. எழுத்துகள் நேற்று வெட்டியதுபோல இருந்தன. ராசாவின் மூக்கு எடுப்பாக, முழுசாக நின்றது.

"முதல் தரம் துரை!" என்றேன். "தேய்மானம் இல்ல, கீறல் இல்ல, விளிம்பு வெட்டுப்படல. இந்த மாதிரி மூக்கை நான் பாத்ததே இல்ல!"

துரையின் முகம் மலர்ந்தது. கங்காணியின் முகத்தில் அரிசிக் கடையே தெரிந்தது. செல்லம்மாகூட என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தாள். அத்தோடு நான் எழுந்து வந்திருக்கலாம்.

துரை கேட்டார்: "உள்ள செம்பு வச்சு மேல தங்கம் பூசுற ஆளுக இருக்கு. இது முழுசும் தங்கம்னு உனக்கு எப்படித் தெரியும், மேன்?"

நியாயமான கேள்வி. என் பையில் சின்னத் தராசு இருந்தது. எடுத்து நிறுத்துப் பார்த்திருந்தால் போதும். ஆனால் தராசை எடுத்து, தட்டைத் துடைத்து, படிக்கல் தேடுவதில் என்ன வீரம் இருக்கிறது? சந்தையில் காசு வாங்கும் பெரிய ஆட்கள் ஒரு கடி கடித்துவிட்டுத் தலையாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அதன் மிடுக்கே தனி. செல்லம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

காசை வாயில் வைத்து ஒரே கடி.

அது முழுத் தங்கம்தான். நல்ல தங்கம் எவ்வளவு மென்மையானது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். என் பல் அதில் சுகமாக இறங்கியது.

துரையின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இங்கிலீசும் இல்லை, தமிழும் இல்லை. பிறகு, "ஏன் கடிச்ச? ஏன் கடிச்ச மேன்? இது பிஸ்கட்டா?" என்று கத்தினார்.

காசைப் பார்த்தேன். நின்றிருந்த ராசாவின் முகத்தில் ஆழமாக ஒரு பள்ளம். வேட்டியில் துடைத்தேன். (துடைத்தால் போய்விடும் என்று நினைத்த மூளையை என்னவென்று சொல்ல?) துடைத்ததும் பள்ளம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

துரை கொஞ்ச நேரம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பிறகு மிக அமைதியாகக் கேட்டார்: "இப்ப என்ன தரம்?"

என் கையில் பூதக்கண்ணாடி இருந்தது. தொழில் என்று ஒன்று இருக்கிறதே. ஒழுங்காகப் பார்த்தேன். அது மூக்கா முழங்காலா என்று எனக்கே தெரியவில்லை.

"மூணாந் தரம், துரை" என்றேன்.

துரை தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

கோப்பிச் செடிகளுக்கு நடுவே மூவரும் இறங்கி நடந்தோம். கங்காணி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் முன்னால் போனார். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவருடைய கடையையே நான் கடித்துத் தின்றுவிட்டதுபோல இருந்தது. பாதி வழியில் பின்னால் ஒரு விசும்பல். செல்லம்மா அழுகிறாள் என்று பதறித் திரும்பினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி சிரிப்பு?" என்றார் கங்காணி.

"அந்த ராசா எவ்வளவு காலமா வெறப்பா நின்னுக்கிட்டு இருந்தாருப்பா! இவரு ஒரு கடி கடிச்சதும் தலையத் தொங்கப் போட்டுட்டாரு."

கங்காணி முறைத்தார். அவள் விடவில்லை. "நல்ல தங்கம்னாச்சும் தெரிஞ்சுச்சே. செம்பா இருந்தா இவரு பல்லுல்ல போயிருக்கும்!"

கங்காணி மீசையைத் தடவுவதுபோல வாயை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

கண்டிக்குத் திரும்பி முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். "யா அல்லாஹ்! வாயை அடக்கி வச்சுக்கன்னு சொல்லித்தானே அனுப்பினேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். மறுநாள் கங்காணிக்கு ஆள் அனுப்பினார். "என்ட ஆள் செஞ்ச வேலை இது. கடையில முன்பக்கம் பாதி சும்மாதான் கிடக்குது. அதுல அரிசியைப் போடுங்க. இவனையும் எடுத்துக்கோங்க, மூட்டை தூக்கட்டும். ஆனா அரிசியைக் கடிச்சுப் பாக்க விடாதீங்க."

இப்படித்தான் அந்த அரிசிக் கடை தொடங்கியது. நான் மூட்டை தூக்கினேன். செல்லம்மா அப்பாவுக்குச் சோறு கொண்டுவருவாள். சில நாட்களில் எனக்கும் சேர்த்துக் கொண்டுவந்தாள். "பாத்துக் கடிங்க, கல் இருக்கும்" என்பாள். அடுத்த தையில் எங்களுக்குக் கல்யாணம். துரை வாங்க மறுத்த காசுக்குக் காது வைத்து, அதையே பதக்கமாகக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து மணையில் உட்கார்ந்தாள்.

பிறகு கோப்பிச் செடியில் நோய் விழுந்தது. மலையெல்லாம் தேயிலையானது. துரையும் ஊருக்குக் கப்பலேறிவிட்டார். எங்கள் அரிசிக் கடை மட்டும் நின்று நிலைத்தது. கூடவே என் பெயரும். வீட்டில் யார் எதை வாங்கினாலும், பசுவோ பட்டுச் சேலையோ, "தாத்தாகிட்ட குடு, கடிச்சுப் பாத்துத் தரம் சொல்லட்டும்" என்பார்கள்.

போன மாதம் பேத்தியைப் பெண் பார்க்கப் பிலிமத்தலாவையிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், நல்ல அடக்கமான பையன். எல்லோரும் மௌனமாகப் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து பேத்தியின் குரல் தெளிவாகக் கேட்டது:

"பாட்டி, தாத்தா அவரக் கடிச்சுப் பாத்துட்டாரா? முதல் தரமாமா?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். பிறகு தன் கதிரையை மெல்ல அந்தப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். பாவம், என் வாயில் இப்போது ஒரு பல்கூட இல்லை என்று அவருக்கு யார் சொல்வது?