கரண்டி அங்கிள் கடை திறந்த கதை

உலகத்தில் எங்கே என்ன தப்பு நடந்தாலும் அதற்குத் தானே பொறுப்பு என்று கவலைப்படக்கூடிய ஒரே மனிதர் எங்கள் ஜெர்சி சிட்டி கரண்டி அங்கிள்தான். மழை பெய்தால்கூட எங்களிடம் மன்னிப்புக் கேட்பார்.

கியூபாவிலிருந்து வந்து லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். மனைவியின் கைமணத்தை நம்பி வேலையை விட்டார். எங்கள் அபார்ட்மென்டுக்குக் கீழே காலியாக இருந்த கடையைச் சாப்பாட்டுக் கடை போடப் பிடித்தார். இன்று சனிக்கிழமையானால் அங்கே இடம் கிடைக்காது. கடை திறக்குமுன் ஞாயிறுதோறும் குடும்பமே சமைத்துப் பார்க்கும். ருசி பார்ப்பது மாடியில் குடியிருந்த நாங்கள்.

முதல் ஞாயிறே புரட்டாசியில் வந்து தொலைத்தது. நான் கறி சாப்பிடுவதில்லை என்றேன். அங்கிளுக்கு முகம் வெளுத்துவிட்டது. என் தட்டிலிருந்த கறுப்பு பீன்ஸ் பன்றி எலும்போடு வெந்ததாம். வாய்க்குப் போகுமுன் தட்டைப் பிடுங்கிவிட்டார்.

அன்றிலிருந்து எனக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. யாராவது மாற்றிப் போட்டுவிடுவார்கள் என்று கரண்டியைச் சட்டைப் பையிலேயே செருகிக்கொண்டார். முடிவெட்டப் போனபோதும் அது கூடவே போனது. பெயர் வந்தது அப்படித்தான்.

புரட்டாசி முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இறங்கிப் போனேன். என் பாத்திரத்தைப் பெருமையாகத் திறந்து காட்டினார். எனக்கு வாய் வரவில்லை. பங்குனிவரை, பக்கத்துத் தட்டுகளின் கறி வாசனையை மோந்துகொண்டு வெறும் பீன்ஸ் தின்றேன்.

அப்புறம் ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் கடை திறக்கும். எல்லாம் சரி, கரண்டியைப் பையில் வைக்கக்கூடாது, கழுவி மற்றவற்றோடு மாட்டுங்கள் என்றார். அங்கிள் மாட்டேன் என்றார். மனைவி கெஞ்சிப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவிட்டார். நான் ஓரமாக நின்றிருந்தேன்.

"கலந்துட்டா இந்தத் தம்பி விரதம் கெட்டுடும் சார். கடை போனா போகட்டும்" என்றார் அங்கிள்.

"நான் கறி சாப்பிடுவேன் அங்கிள். அந்த ஒரு மாசம்தான் விரதம். உங்ககிட்ட சொல்ல பயமா இருந்துச்சு."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கரண்டியை எடுத்துப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ ஆறு மாசமா என்கிட்ட அரை வயித்தோடவா எழுந்து போனே?"

இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டு நீட்டிய காகிதத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தட்டு நிறையக் கறியை வைத்து என் எதிரில் உட்கார்ந்து, நான் விழுங்குகிற ஒவ்வொரு கவளத்தையும் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஊருக்கு வந்தபிறகு, நான் வயிறாரச் சாப்பிட்டேனா என்று அவ்வளவு பயந்தவர் வேறு யாருமில்லை.