மிதித்தால் அடிக்கும் ஆரன்

ஒயர் இழுப்பவர் என்றோர் இனம் நம் நாட்டில் உண்டு. எலக்ட்ரீஷியனைச் சொல்லவில்லை. அவர் பாவம், வேலையை முடித்துக் கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். நான் சொல்கிறவர் எதையும் முடிக்கவே மாட்டார். சட்டைப் பையில் டெஸ்டர், இடுப்பில் கறுப்பு டேப், ஒயரின் தோலைப் பல்லாலேயே உரித்து உரித்து முன்பல்லில் விழுந்த ஒரு பள்ளம்: இந்த அடையாளங்களோடு உங்கள் வீட்டுக்கு வருவார். தண்ணீர் கொடுத்தால் குடிக்காமல் கூரையைப் பார்ப்பார். "ஏங்க, கதவத் தொறந்தா ஃபேனு தானா சுத்தற மாதிரி பண்ணிட்டா இன்னா? சும்மா ரெண்டே ஒயரு!" என்பார். நம்பிவிடாதீர்கள். அவர் போனபிறகு கதவைத் திறந்தால் ரேடியோ பாடும், ஃபேன் போட்டால் கதவு ஷாக் அடிக்கும்.

கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் வீரமணி. கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை வரைக்கும் ஆள் ஏற்றி ஜீப் ஓட்டினார். அந்த ஜீப்பில் லைட் போட்டால் வைப்பர் ஆடும். கோளாறா என்று கேட்டுவிட்டேன் ஒருநாள். அது ஏற்பாடாம்! ராத்திரியில் பூச்சி வந்து கண்ணாடியில் ஒட்டுமாம், பூச்சி வருவது லைட்டுக்குத்தானாம், ஆகவே லைட்டும் வைப்பரும் ஒரே சுவிட்சாம். இப்படிப்பட்ட மூளையை என்ன செய்வது? கோயில் கட்டுவதா, கட்டிப் போடுவதா?

இதற்கெல்லாம் சிகரம் அந்த ஆரன். மலையில் கொண்டை ஊசி வளைவுகள் அதிகம். வளைவில் ஆரன் அடிக்க வேண்டும், வளைவில் ஏறுவதற்கு ஆக்சிலேட்டரையும் மிதிக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால்? வீட்டு வாசலில் இருந்த காலிங்பெல் பட்டனைக் கழற்றி ஆக்சிலேட்டருக்கு அடியில் பொருத்திவிட்டார். அரை மிதிக்குமேல் போனால் ஆரன் தானாக அலறும். காலை எடுத்தால் நிற்கும்.

"எறங்கறப்ப மிதிக்க மாட்டியேண்ணே, அப்ப எப்படி அடிக்கும்?" என்று கேட்டேன். இறக்கத்தில்தானே ஆரன் அவசியம்?

"எறங்கறப்ப எதுக்கு வாத்தியாரே? எதுக்க ஏறி வர்றவன் அடிப்பான் இல்ல?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? பத்து ஆள் ஏறினால் ஜீப்புக்கு எப்போதுமே முக்கால் மிதிதான். ஆகவே அடிவாரத்தில் தொடங்கிய அலறல் உச்சியில்தான் ஓயும். வெள்ளிமலைக்காரர் சடையன், புளி மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தே ஏறத் தொடங்கிவிட்டார். "காலு வலிச்சா தேறிக்கும்பா, காது போனா வராது" என்பது அவர் கட்சி.

இந்த ஜீப்பில்தான் என் தங்கை கோகிலவாணியின் எதிர்காலம் ஏறி உட்கார்ந்தது. அது எண்பத்தேழாம் வருஷம். இடஒதுக்கீடு கேட்டு மறியல். எங்கள் பக்கத்து ரோடுகளில் மரங்கள் எல்லாம் குறுக்கே படுத்திருந்தன, பஸ் ஒன்றும் ஓடவில்லை. எட்டு வருஷம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்துக் காத்திருந்த கோகிலாவுக்கு அந்த வாரம் பார்த்து இன்டர்வியூ கார்டு வந்தது. கடலூரில் தட்டச்சர் வேலை. மறுநாள் காலை பத்து மணிக்கு ஆஜராக வேண்டும். வயது வரம்புக்கு மூன்று மாதம்தான் பாக்கி, இதை விட்டால் இனி கார்டே வராது. ரயில் மட்டும் ஓடுகிறது என்றார்கள். சின்னசேலம் போய் மூன்றே முக்கால் பாசஞ்சரைப் பிடித்துவிட்டால் போதும்.

"நான் இருக்கறப்ப இன்னா கவல? ஏரிக்கர மண்வழில சத்தங்கித்தம் இல்லாம கொண்டுபோய் வுட்டுடறேன்" என்றார் வீரமணி. சத்தமில்லாமல்! அந்த ஜீப்பில்!

மெயின் ரோட்டை விட்டு மண்வழியில் இறங்கியதும், "அண்ணே, அந்த ஆரன் ஒயர மட்டும் கொஞ்சம் புடுங்கிடலாமே" என்றேன். மனிதருக்கு முகம் கறுத்துப் போயிற்று.

"ஒயர்ல கைய வெச்சீங்க, நான் எறங்கிப் போய்க்கினே இருப்பேன்!"

அவருடைய ஜீப்பிலிருந்து அவரே இறங்கிப் போவாராம். சரி என்று ஆரன் அடிக்காத கால்வாசி மிதியிலேயே ஊர்ந்தோம். கொஞ்சம் மேடு வந்தால் நானும் கோகிலாவும் இறங்கித் தள்ளினோம். இன்டர்வியூவுக்குக் கட்டிய புதுப் புடவையில் அவள் ஜீப் தள்ளியதைப் பார்த்திருந்தால் கல்லும் கரைந்திருக்கும். வீரமணி கரையவில்லை. "பாத்தீங்களா, சத்தமே இல்ல!" என்று பெருமைப்பட்டார்.

ஏரிக்கரை முடிந்து தார் ரோட்டுக்கு ஏறும் இடம் நெட்டுக்குத்தாக இருந்தது. தள்ளி ஏறாது. வீரமணி கண்ணை மூடிக்கொண்டு மிதித்தார். அலறல் என்றால் அப்படி ஓர் அலறல்! ஏரியிலிருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்தன. ரோட்டில் மரத்தைப் போட்டு உட்கார்ந்திருந்த நாற்பது பேர் எங்களை நோக்கி ஓடி வந்தார்கள்.

முன்னால் வந்தவர் பெயர் சின்னக்கண்ணு என்று பிறகு தெரிந்தது. தோளில் துண்டு, கையில் அரிவாள். மரம் வெட்டிய அரிவாள்தான், ஆனாலும் நான் சீட்டோடு ஒட்டிக்கொண்டேன்.

"இன்னாய்யா, மறியல் நடக்குது, ஆரன் அடிச்சிக்கினு வர்றீங்க! அவ்ளோ திமிரா?"

கோகிலாதான் இறங்கினாள். கார்டை நீட்டினாள். "எட்டு வருசமா காத்துக்கினு இருந்தேங்க. நாளைக்கு இன்டர்வியூ. ரயில வுட்டா அவ்ளோதாங்க" என்றாள்.

சின்னக்கண்ணு கார்டை எழுத்துக் கூட்டிப் படித்தார். "நம்ம ஒக்காந்துக்கினு இருக்கறதே வேலைக்குத்தான். வேலைக்குப் போற பொண்ண நிறுத்தறதா? தூக்குங்கடா!" என்றார். பத்துப் பேர் சேர்ந்து ஜீப்பை மரத்துக்கு அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்டேஷன் இரண்டே கிலோமீட்டர். நேரமும் இருந்தது.

அப்போதுதான் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "அண்ணே, ஆரன்ல கையே வெக்கலயே, எப்படி அடிச்சுது?"

முடிந்தது கதை. வீரமணி இன்ஜினை அணைத்தார், இறங்கினார், பானட்டைத் திறந்தார். "சும்மா ரெண்டே ஒயரு" என்று தொடங்கினார். நாற்பது பேரும் சூழ்ந்துகொண்டார்கள். மறியல் மறந்து போயிற்று. ஒருவர் ஃபியூஸ் வேண்டும் என்றார், ஒருவர் எர்த் சரியில்லை என்றார், ஒருவர் தன் டிராக்டரில் இதையே கிளட்ச்சில் வைத்த கதையைச் சொன்னார். எல்லாப் பல்லும் ஒயரில் இருந்தது.

கோகிலா கூப்பிட்டாள், "அண்ணா, மணி ஆவுது." இன்னொரு தரம் கூப்பிட்டாள். மூன்றாம் தரம் அழுகிற குரலில் கூப்பிட்டாள்.

கடைசியில் சின்னக்கண்ணுவிடம் போய், "ஒங்க சைக்கிளக் குடுங்க" என்றாளாம். "டேசன் டீக்கடையில வுட்டுட்டுப் போம்மா" என்று கொடுத்தாராம். ஃபைலைக் கேரியரில் செருகி, புடவையைத் தூக்கிச் செருகி, ஒரே மிதி. ரயிலைப் பிடித்துவிட்டாள். வேலையும் கிடைத்தது. இன்றைக்கும் கடலூரில் ஜம்மென்று இருக்கிறாள்.

"என்றாளாம்", "கொடுத்தாராம்" என்கிறாயே, நீ எங்கே போனாய் என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் பானட்டுக்குள்தான் இருந்தேன். சிவப்பு ஒயரை பேட்டரியிலிருந்து நேராக எடுத்தது தப்பு என்று வீரமணியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். தங்கை கூப்பிட்டதற்கு "ரெண்டே நிமிஷம்" என்று நான் சொன்னேனாம், மூன்று தரமும். தலையை வெளியே எடுத்தபோது ரோட்டில் அவள் இல்லை. வெட்கமாகப் போயிற்று. இப்போதும் தீபாவளிக்கு வந்தால் அவள் அண்ணியிடம்தான் பேசுகிறாள்.

சிரிக்காதீர்கள். ஆக்சிலேட்டருக்கு அடியில் காலிங்பெல் பட்டனா, நடுவில் ஒரு ரிலே வைத்திருந்தால் சுத்தமாக முடிந்திருக்குமே என்று கொஞ்ச நேரமாக உங்களுக்குள்ளும் ஓடவில்லையா? ஓடியது என்றால் புத்தகத்தை மூடுங்கள். வீட்டுக்குள்ளிருந்து உங்களை யாரோ ரொம்ப நேரமாகக் கூப்பிடுகிறார்கள்.